ஒரே செராமிக்குக்கு 10,000-மும் சரி, 100-ம் சரி... எப்படி? அதிர்வெண் மாறினால் மாறும் ஓர் எண்ணின் கதை

வாடகை டாக்ஸி, சரக்கு லாரி, பள்ளி வேன், மருந்து தெளிக்கும் ட்ரோன். இவற்றில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியைத் திறந்து பார்த்தால், பலவற்றில் ஒரு சின்ன சதுர செராமிக் சில்லு இருக்கும். பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் நீளம், அதே அளவு அகலம், 4 மில்லிமீட்டர் தடிமன். மேலே ஒரு வெள்ளிப் பூச்சு. பார்க்க உடைந்த பாத்ரூம் டைல்ஸ் மாதிரிதான் இருக்கும். ஆனால், 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் அனுப்பும் மெல்லிய சிக்னலைப் பிடிக்கிற ஆன்டெனா இதுதான்.

இந்தச் சில்லைத் தயாரிக்கும்போது, அந்த செராமிக்கைப் பற்றிய ஓர் எண்ணில் ஒரே ஒரு சதவீதம் பிசகினால் போதும். ஆன்டெனா கேட்க வேண்டிய இடத்திலிருந்து சுமார் 8 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விடும். சென்னையில் 98.3-ல் வைக்க வேண்டிய ரேடியோ முள்ளை 106.4 பக்கம் நகர்த்திவிட்டு, ‘பாட்டு ஏன் வரலை?’ என்று கேட்பது போன்ற நிலைமை அது.

அந்த எண்ணின் பெயர் விடுதிறன். அதை அளப்பது, தராசில் வைத்து எடை பார்ப்பது போல எளிதான வேலை இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

விடுதிறன் என்றால் என்ன?

பிளஸ் டூ இயற்பியலில் மின்தேக்கி பாடம் நினைவிருக்கிறதா? இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் மின்சாரம் கடத்தாத ஒரு பொருள். அந்தப் பொருள் சும்மா இருப்பதில்லை. மின்புலம் பட்டதும் அதற்குள் இருக்கும் நேர், எதிர் மின்னூட்டங்கள் கொஞ்சம் விலகி நிற்கின்றன. இதனால் தகடுகளில் கூடுதல் மின்னூட்டத்தைச் சேமிக்க முடிகிறது. வெற்றிடத்தில் சேமிப்பதைப் போல எத்தனை மடங்கு சேமிக்க முடிகிறதோ, அதுதான் அந்தப் பொருளின் ஒப்புமை விடுதிறன். சுருக்கமாக விடுதிறன் என்றே சொல்வோம்.

காற்றுக்கு அது கிட்டத்தட்ட 1. டெஃப்லானுக்கு 2.1. அலுமினா செராமிக்குக்கு 10-ஐ ஒட்டி. டைட்டானியம் டையாக்சைடுக்குச் சுமார் 100. தண்ணீருக்கு, அறை வெப்பநிலையில், கிட்டத்தட்ட 80.

இதனுடன் இரட்டைப் பிள்ளை மாதிரி இன்னோர் எண்ணும் உண்டு: இழப்பு. மின்புலம் திசை மாறும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் மின்னூட்டங்கள் அசைகின்றன. அந்த அசைவில் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. இதைப் பொறியாளர்கள் ‘டான் டெல்டா’ என்பார்கள். 0.02 என்றால் இழப்பு அதிகம். 0.0002 என்றால் மிகக் குறைவு.

சரி, ஜிபிஎஸ் சில்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஜிபிஎஸ் சிக்னலின் அதிர்வெண் 1575.42 மெகாஹெர்ட்ஸ். காற்றில் அதன் அலைநீளம் சுமார் 19 சென்டிமீட்டர். ஆன்டெனாவுக்கு அதில் பாதி நீளம், அதாவது 9.5 சென்டிமீட்டர் தேவை. அவ்வளவு பெரியதை ஒரு சின்ன கருவிக்குள் எங்கே வைப்பது? விடுதிறன் 20 கொண்ட செராமிக்கில் அலை, 20-ன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது சுமார் நாலரை மடங்கு சுருங்குகிறது. 9.5 சென்டிமீட்டர் 2 சென்டிமீட்டர் சொச்சமாகிவிடுகிறது. கருவி கையடக்கமானது இப்படித்தான்.

பிசகு வரும் வழியும் இதுவேதான். விடுதிறனில் 1 சதவீதம் தவறினால், வர்க்கமூலக் கணக்குப்படி அதிர்வெண்ணில் அரை சதவீதம் தவறும். 1575-ல் அரை சதவீதம் என்பது சுமார் 8 மெகாஹெர்ட்ஸ். இந்தச் சின்ன ஆன்டெனாக்கள் நன்றாக வேலை செய்யும் பரப்பே சில மெகாஹெர்ட்ஸ்தான்.

தாளம் வேகமானால் என்ன ஆகும்?

‘ஒரு தடவை அளந்து எழுதி வைத்துவிட்டால் போச்சு, இதுல என்ன கஷ்டம்?’ என்று தோன்றலாம். விஷயம் அங்கேதான் இருக்கிறது. விடுதிறன் ஒரு பொருளுக்கு ஒரே எண்ணாக இருப்பதில்லை. அதிர்வெண் மாறினால் அதுவும் மாறும்.

ஊர்த் திருவிழாவில் பறை அடிக்கும்போது கவனித்திருப்பீர்கள். தாளம் மெதுவாக இருக்கும்வரை பெரியவர், சிறியவர் எல்லோரும் ஆடுவார்கள். வேகம் கூடக் கூட வயதானவர்கள் ஒதுங்குவார்கள். அப்புறம் நடுவயதுக்காரர்கள். கடைசியில் இளவட்டங்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

பொருளுக்குள்ளும் இதே கதை. மிக மெதுவாக ஆடுபவை, துகள்களின் எல்லைகளில் போய்க் குவியும் மின்னூட்டங்கள். பெரும்பாலும் கிலோஹெர்ட்ஸ், மெகாஹெர்ட்ஸ் அளவிலேயே இவை தாளத்தை விட்டுவிடும். அடுத்து, தண்ணீர் மூலக்கூறு போல ஒரு முனை நேராகவும் மறுமுனை எதிராகவும் இருப்பவை. தண்ணீர் சுமார் 20 ஜிகாஹெர்ட்ஸை நெருங்கும்போது திணற ஆரம்பிக்கிறது. அயனிகளின் அசைவு அகச்சிவப்பு வரை தாக்குப்பிடிக்கும். எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத் தாளத்துக்கும் ஈடுகொடுக்கும்.

ஒவ்வொரு குழுவும் விலகும்போது விடுதிறன் ஒரு படி இறங்கும். விலகுவதற்குச் சற்று முன்னும் பின்னும் அந்தக் குழு திணறுவதால் இழப்பு கூடும். ஆகவே, ‘இந்த செராமிக்கின் விடுதிறன் என்ன?’ என்ற கேள்வியே அரைக் கேள்விதான். ‘எந்த அதிர்வெண்ணில்?’ என்பதையும் சேர்த்தால்தான் அது முழுக் கேள்வி.

பத்தாயிரம் நூறான கதை

இதற்கு ஒரு நிஜ உதாரணம் இருக்கிறது. அதில் ஒரு சென்னைத் தொடர்பும் உண்டு.

சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஐஐடி மெட்ராஸிலும் படித்தவர் வேதியியலாளர் மாஸ் சுப்பிரமணியன். பின்னாளில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ‘யின்மின் நீலம்’ என்ற புது நிறமியைக் கண்டறிந்து பெயர் பெற்றவர். அதற்கு முன்பு டூபாண்ட் நிறுவனத்தில் இருந்தபோது, 2000-ம் ஆண்டு அவரும் சக ஆய்வாளர்களும் கால்சியம் காப்பர் டைட்டனேட் என்ற செராமிக் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிலோஹெர்ட்ஸ் அளவில் அதன் விடுதிறன் 10,000-ஐத் தாண்டியது. வெப்பநிலையை மாற்றினாலும் பெரிதாக மாறவில்லை. மின்தேக்கித் துறைக்கு இது பெரிய செய்தி.

ஆனால் கேள்வி எழுந்தது: படிக அமைப்புக்குள் அயனிகள் அசைவதால் மட்டும் இவ்வளவு பெரிய எண் வருமா? 2002-ல் டெரெக் சின்க்ளேர், ஆண்டனி வெஸ்ட் உள்ளிட்டோர் பல அதிர்வெண்களில் இதன் மின்மறுப்பை அளந்து விடை சொன்னார்கள். இந்த செராமிக் கோடிக்கணக்கான நுண் துகள்கள் ஒட்டி உருவானது. துகளின் உள்பகுதி ஓரளவு மின்சாரம் கடத்துகிறது. துகள்களுக்கு இடையிலான எல்லையோ, முட்டை ஓடு போல, மெல்லிய மின்காப்புச் சுவராக இருக்கிறது. மெதுவான தாளத்தில் மின்னூட்டங்கள் துகளுக்குள் ஓடி அந்தச் சுவரில் போய்க் குவிந்துவிடுகின்றன. மெல்லிய சுவர் என்றால் மின்தேக்குத்திறன் பெரிது. அதை வில்லையின் முழுத் தடிமனை வைத்துக் கணக்குப் போட்டதால் 10,000 வந்தது.

தாளத்தை வேகமாக்கினால்? ஓடிப்போய்க் குவிய நேரமில்லை. மிக உயர் அதிர்வெண்களுக்குப் போகும்போது விடுதிறன் சுமார் 100 என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது.

10,000 பொய்யா? இல்லை. கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும் மின்தேக்கிக்கு அது உண்மையான எண்தான். ஆனால், அந்த எண்ணை நம்பி ஒரு மைக்ரோவேவ் ஆன்டெனா வடிவமைத்தால், அளவு பத்து மடங்கு தப்பாகிவிடும்.

கலப்புப் பொருள் ஏன்?

தனி செராமிக் உடையும். துளை போடுவது கஷ்டம். சர்க்யூட் போர்டு போலப் பெரிய தாளாகச் செய்ய முடியாது. டெஃப்லான் போன்ற பாலிமர் வளையும், இழப்பும் குறைவு. ஆனால் விடுதிறன் 2-தான். ஆகவே செராமிக் பொடியைப் பாலிமரில் கலக்கிறார்கள். இதுதான் செராமிக் கலப்புப் பொருள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. விடுதிறன் 100 கொண்ட செராமிக்கையும், 2 கொண்ட பாலிமரையும் கன அளவில் பாதிக்குப் பாதி கலந்தால் என்ன கிடைக்கும்? சராசரி 51 என்று நினைப்போம். பொறியாளர்கள் அதிகம் பயன்படுத்தும் லிக்டெனெக்கர் விதியின்படி கணக்குப் போட்டால் 14-தான் வரும். காரணம், ஒவ்வொரு செராமிக் துகளையும் பாலிமர் சூழ்ந்திருக்கிறது. மின்புலத்தின் பெரும்பகுதியைப் பாலிமரே வாங்கிக்கொள்கிறது. இந்த விதியும் தோராயம்தான். துகளின் அளவு, வடிவம், இடையில் சிக்கிய காற்றுக் குமிழி என எல்லாம் விளையாடும். ஆகவே கலந்த பிறகு அளந்தே தீர வேண்டும்.

ஈரப்பதம் இன்னொரு வில்லன். துகளும் பாலிமரும் சேரும் இடுக்குகளில் தண்ணீர் ஏறினால், அதன் 80 என்ற விடுதிறனும் கூடவே வரும், இழப்பும் ஏறும். அதனால்தான் மாதிரியை நன்றாக உலர்த்திய பிறகே ஆய்வகத்தில் அளக்கிறார்கள்.

வெப்பமும் முக்கியம். தூய டைட்டானியம் டையாக்சைடு ஒத்ததிர்வியின் அதிர்வெண், ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 450 பங்கு நகரும். 30 டிகிரியில் அளந்த கருவி, வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் 60 டிகிரிக்குப் போனால், ஜிபிஎஸ் அதிர்வெண்ணில் 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நகர்ந்துவிடும். ஒரு பக்கம் நகரும் பொருளுடன் எதிர்ப்பக்கம் நகரும் பொருளைச் சேர்த்து இதைச் சமன் செய்கிறார்கள். கலப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

எப்படி அளக்கிறார்கள்? மூன்று வழிகள்

ரேடியோ அலை முதல் மைக்ரோவேவ் வரை எல்லாவற்றையும் அளக்கும் ஒரே கருவி கிடையாது. அதிர்வெண்ணைப் பொறுத்து வழியும் மாறும்.

1. தகடுகளுக்கு நடுவே: சில நூறு மெகாஹெர்ட்ஸ் வரை

பள்ளிப் பாடத்தில் வந்த அதே முறை. காசு மாதிரி ஒரு வில்லை செய்து, இருபக்கமும் உலோகம் பூசி, மின்தேக்குத்திறனை அளப்பது. 10 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் தடிமன், விடுதிறன் 10 என்றால் கிடைப்பது சுமார் 7 பிக்கோஃபாரட். மிகச் சின்ன அளவு. இணைக்கும் ஒயர்களுக்கே அந்த அளவு மின்தேக்குத்திறன் இருக்கலாம். முதலில் மாதிரி இல்லாமல் அளந்து அதைக் கழிக்க வேண்டும்.

இதில் பெரிய பொறி, காற்று இடைவெளி. உலோகம் பூசாமல் சும்மா தகட்டை அழுத்தி அளப்பதாக வைத்துக்கொள்வோம். இடையில் வெறும் 10 மைக்ரோமீட்டர் காற்று. தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு. விடுதிறன் 2 உள்ள பொருளுக்கு இதனால் பெரிய வித்தியாசம் தெரியாது. 10 உள்ள பொருள் சுமார் 9 என்று காட்டும். 100 உள்ள பொருள்? 50 என்று காட்டும். கண்ணுக்கே தெரியாத காற்று, பாதி எண்ணை விழுங்கிவிடும். வில்லையின் மீது வெள்ளிப் பசை பூசுவது இதற்காகத்தான்.

2. அலையை அனுப்பிப் பார்ப்பது: மெகாஹெர்ட்ஸ் முதல் ஜிகாஹெர்ட்ஸ் வரை

ஜிகாஹெர்ட்ஸுக்கு வந்ததும் அலைநீளம் சுருங்கி, வில்லையின் அளவை நெருங்கிவிடும். ஒரு முனையில் மேடு, மறுமுனையில் பள்ளம் என்றால் அதை ‘மின்தேக்கி’ என்றே சொல்ல முடியாது. அப்போது பொருளை ஒரு உலோகக் குழாயில் வைத்து, ஒரு பக்கம் அலையை அனுப்புகிறார்கள். எவ்வளவு திரும்பி வந்தது, எவ்வளவு கடந்து போனது என்பதை வெக்டர் நெட்வொர்க் அனலைசர் என்ற கருவி அளக்கும். 1970-ல் நிக்கல்சனும் ராஸும், 1974-ல் வெய்ரும் வகுத்த கணக்கு, இவற்றிலிருந்து விடுதிறனைப் பிரித்தெடுக்கும்.

பலம்: ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கான அதிர்வெண்களில் அளக்கலாம். பலவீனம் இரண்டு. மாதிரியின் நீளம், உள்ளே அலைநீளத்தில் சரியாகப் பாதியாக அமையும் இடத்தில் முன்பக்கப் பிரதிபலிப்பும் பின்பக்கப் பிரதிபலிப்பும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். கணக்குப் போட எதுவும் மிஞ்சாது, எண் தாறுமாறாகக் குதிக்கும். அடுத்து, டான் டெல்டா 0.001 போன்ற சின்ன இழப்பை இந்த முறையால் நம்பகமாகச் சொல்ல முடியாது.

3. தட்டிக் கேட்பது: ஒத்ததிர்வு முறை

சந்தையில் மண்பானை வாங்கும்போது என்ன செய்வோம்? விரலால் தட்டிப் பார்ப்போம். ‘ணங்’ என்று நீளமாக ஒலித்தால் நல்ல பானை. ‘டொக்’ என்று நின்றுவிட்டால் விரிசல்.

செராமிக்கையும் அப்படித்தான் தட்டிப் பார்க்கிறார்கள், மைக்ரோவேவால். உருளை வடிவ மாதிரியை இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே வைத்தால், அது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிரும். எந்தச் சுருதி என்பதிலிருந்து விடுதிறன் கிடைக்கும். எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதிலிருந்து இழப்பு கிடைக்கும். 1960-ல் ஹாக்கியும் கோல்மனும் விளக்கிய முறை இது. தாள் வடிவப் பொருளுக்கு, இரண்டு செராமிக் துண்டுகளுக்கு நடுவே தாளைச் செருகி அளக்கும் கருவி இருக்கிறது.

குறைந்த இழப்பை அளக்க இதைவிட நல்ல வழி அரிது. ஆனால் ஒரு மாதிரி, ஒரு சில அதிர்வெண்கள்தான். தாளின் தடிமனை அளப்பதில் 1 சதவீதம் தவறினால் விடுதிறனிலும் கிட்டத்தட்ட அதே அளவு தவறு வரும். மைக்ரோவேவ் ஆய்வகத்தில் சாதாரண மைக்ரோமீட்டருக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று இப்போது புரியும்.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை. ஒரு புது கலப்புப் பொருளை மூன்று வழியிலும் அளந்து, கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் எண்ணை நம்பலாம்.

5ஜி வந்த பிறகு ஏன் அவசரம்?

2022-ல் இந்தியாவில் நடந்த அலைக்கற்றை ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸும் இருந்தது, 26 ஜிகாஹெர்ட்ஸும் இருந்தது. ஒன்றுக்கு ஒன்று 37 மடங்கு வித்தியாசம்.

சாதாரண சர்க்யூட் போர்டுகளில் இருக்கும் எஃப்ஆர்-4 என்ற கண்ணாடி இழைப் பலகையை எடுத்துக்கொள்வோம். விடுதிறன் 4.3, டான் டெல்டா 0.02 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 1 ஜிகாஹெர்ட்ஸில் 10 சென்டிமீட்டர் தூரம் போன சிக்னலில் பலகை தின்றது போக 90 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும். அதே பலகை, அதே தூரம், 26 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குதான். டான் டெல்டா 0.002 கொண்ட செராமிக் கலப்புப் பலகையில் 80 சதவீதம் தப்பிக்கும்.

நல்ல பலகை விலை அதிகம். மெகாஹெர்ட்ஸில் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு 26 ஜிகாஹெர்ட்ஸுக்குப் பலகை தேர்ந்தெடுப்பது, கடை வாசலில் எடை போட்ட மீனை வீட்டில் சுத்தம் செய்த பிறகு பார்ப்பது மாதிரி. நஷ்டம் பிறகுதான் தெரியும்.

நம் நாட்டில் யார் செய்கிறார்கள்?

இது இங்கே புது வேலையும் அல்ல. 1890-களிலேயே கொல்கத்தாவில் ஜெகதீஷ் சந்திர போஸ் மில்லிமீட்டர் அளவு அலைநீளம் கொண்ட மின்காந்த அலைகளை உருவாக்கி, கண்ணாடி, கந்தகம் போன்றவற்றின் ஒளிவிலகல் எண்ணை அந்த அலைகளில் அளந்தார். காந்தத் தன்மை இல்லாத பொருளுக்கு, ஒளிவிலகல் எண்ணின் வர்க்கம்தான் விடுதிறன். இன்றைய 5ஜி பேசும் மில்லிமீட்டர் அலைகளில் அவர் அன்றே செய்தது இதே மாதிரியான அளவீடுதான்.

இன்று திருவனந்தபுரத்தில் உள்ள சிஎஸ்ஐஆர்-நிஸ்ட் ஆய்வகம் மைக்ரோவேவ் செராமிக் ஆய்வில் உலக அளவில் அறியப்பட்டது. அங்கு பணியாற்றிய எம்.டி.செபாஸ்டியன் 2008-ல் எழுதிய, கம்பியில்லாத் தொடர்புக்கான மின்காப்புப் பொருள்கள் பற்றிய ஆங்கில நூல் இத்துறையின் முக்கியக் கையேடுகளில் ஒன்று. திருச்சூரில் உள்ள மத்திய அரசின் சி-மெட் மையத்தில், டெஃப்லானில் செராமிக் பொடி கலந்த மைக்ரோவேவ் பலகைகள் பற்றிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

டேட்டாஷீட் கையில் வந்தால்...

எலெக்ட்ரானிக்ஸ், டெலிகாம், ஆட்டோமொபைல் துறையில் இருப்பவர் என்றால், ஒரு பொருளின் விடுதிறன் எண்ணை அடுத்த முறை பார்க்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள்.

• எந்த அதிர்வெண்ணில் அளந்தது? உங்கள் கருவி வேலை செய்யும் அதிர்வெண்ணுக்கு அது பக்கத்திலாவது இருக்கிறதா?

• எந்த முறையில் அளந்தது? குறைந்த இழப்பைச் சொல்லும் எண் ஒத்ததிர்வு முறையில் வந்ததா?

• மின்புலம் எந்தத் திசையில் இருந்தது? கண்ணாடி இழை உள்ள பலகையில் குறுக்கே ஓர் எண், நெடுக்கே ஓர் எண் வரும்.

• எந்த வெப்பநிலை, எவ்வளவு ஈரப்பதம்? ஏசி ஆய்வகத்தில் அளந்த எண், மே மாத வெயிலில் நிற்கும் வண்டிக்கும் பொருந்துமா?

இந்த நான்குக்கும் பதில் இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால், அதை வைத்து ஆன்டெனா வடிவமைக்கத் தொடங்க வேண்டாம். ஒரு சின்னத் துண்டை வெட்டி, நீங்கள் பயன்படுத்தப்போகும் அதிர்வெண்ணில் அளந்து பாருங்கள். தயாரித்து முடித்த ஆயிரம் சில்லுகளைத் தூக்கிப் போடுவதைவிட அதற்கு ஆகும் செலவு எப்போதும் குறைவுதான்.